நிக்கிற வண்டிக்கு ஏது மைலேஜ்?

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யும் நம் தொழிலில் புதிதாக வந்து சேர்ந்திருக்கும் தங்களுக்கு, அத்தொழிலிலேயே நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்ற ஒருவன் எழுதிக்கொள்வது. தாங்கள் புது வண்டி வாங்கப் போவதாகவும், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று ஒப்பிட்டு ஒரு பட்டியல் தயாரித்திருப்பதாகவும் கேள்விப்பட்டேன். பட்டியலைக் குறை கூற எனக்குத் தகுதி இல்லை. அத்தகைய பட்டியல் ஒன்றை, சிவப்பு மையால் கோடிட்டு, நானும் ஒருகாலத்தில் தயாரித்திருக்கிறேன். அதில் முதலிடம் பெற்ற வண்டி, ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணத்தை எந்த நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியது என்பதைத் தாங்கள் அறிந்துகொள்வது நலம்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. எங்கள் நிறுவனம் அரியமங்கலத்தில் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தது. முதலாளி, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. கணவர் தொடங்கிய தொழிலை அவர் காலத்திற்குப் பின் ஏற்று நடத்தி வந்தார். நாங்கள் அவரை டீச்சரம்மா என்றே அழைத்தோம். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளில் நெல் ஊறவைக்கும் தொட்டிகள், துவாக்குடிப் பக்கத்து மாணவர் விடுதிகளின் நிலத்தடித் தொட்டிகள் ஆகியவை எங்கள் அன்றாட வேலை. பம்பு, ஹோஸ் குழாய், ஏணி, பிரஷ், பிளீச்சிங் பவுடர் மூட்டை அனைத்தையும் ஒரே வண்டியில் ஏற்றிச் செல்வோம். பம்புக்குத் தனி இன்ஜின் கிடையாது. வண்டியை நிறுத்தி, அதன் இன்ஜினிலிருந்தே பெல்ட் போட்டு பம்பை ஓட்டுவோம். இந்தக் கடைசி வாக்கியத்தைத் தாங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நான் அதை மறந்துவிட்டேன்.

பெட்ரோல் விலை ஏறியிருந்த காலம். விடுதி வேலைகளை எங்களுக்கு அளித்து வந்த அலுவலகம், எரிபொருள் சிக்கனம் குறித்துச் சுற்றறிக்கை மேல் சுற்றறிக்கையாக அனுப்பிக்கொண்டிருந்தது. ஒப்பந்தக்காரர்கள் பெரிய பெட்ரோல் வண்டிகளைத் தவிர்க்க வேண்டும் என்றது முதலாவது. டீசல் வண்டியாக இருத்தல் விரும்பத்தக்கது என்றது இரண்டாவது. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதை வண்டியின் கதவில் எழுதி வைக்க வேண்டும் என்றது மூன்றாவது. எழுதி மை காய்வதற்குள், கதவில் எதுவும் எழுதக்கூடாது என்றது நான்காவது. அக்காலத்தில் அரியமங்கலத்தில் எங்களைவிட அதிக வேலை பார்த்தவர் போர்டு எழுதும் பெயிண்டரே.

எங்கள் பழைய பெட்ரோல் வண்டி இரண்டாவது சுற்றறிக்கையோடு தகுதி இழந்தது. புதிய வண்டியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை டீச்சரம்மா என்னிடம் ஒப்படைத்தார்.

நான் மூன்று வண்டிகளைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டேன். அக்காலத்துச் சோதனை எளிமையானது. எரிபொருள் குழாயை டேங்கிலிருந்து கழற்றி, சரியாக ஒரு லிட்டர் நிரப்பிய கண்ணாடிப் பாட்டிலில் சொருகி, அப்பாட்டிலைக் கைக்குழந்தையைப் போல் மடியில் ஏந்திக்கொண்டு, வண்டி தானாக நிற்கும்வரை துவாக்குடி நெடுஞ்சாலையில் ஓட்டிச் செல்ல வேண்டும். ஓட்டியவர் எங்கள் டிரைவர் சவரிமுத்து. பாட்டில் ஏந்தியவன் நான்.

முதல் வண்டி, சுற்றறிக்கை திரும்பப் பெறப்பட்டாலும் பெறப்படலாம் என்ற நம்பிக்கையில் சேர்த்த பெட்ரோல் வண்டி. அது திருவெறும்பூரைக் கண்ணால் காணாமலேயே நின்றது. இரண்டாவது, பெட்ரோல் வண்டியில் டீசல் இன்ஜினைப் பொருத்தியது. அது திருவெறும்பூரைத் தாண்டியது. ஆனால் வண்டி நின்ற பின்னரும் அதன் அதிர்வில் சவரிமுத்து நடுங்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது, நாகப்பட்டினத்து வியாபாரி ஒருவர் கொண்டுவந்த சிறிய டீசல் வண்டி. வான நீல நிறம். கதவில் பாய்மரப் படகு வரைந்திருந்தது. உள்ளே சாம்பிராணி மணம் கமழ்ந்தது. வியாபாரி பக்திமான் என்று எண்ணிக்கொண்டேன். அந்த வண்டி துவாக்குடி வரை சென்று, கல்லூரி விடுதி வாசலில்தான் நின்றது. அங்கிருந்த மாணவர்கள் கைதட்டினார்கள். எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது. ஆயினும் நான் பாட்டிலோடு இறங்கி வணக்கம் கூறினேன்.

பட்டியலை டீச்சரம்மாவிடம் வைத்தேன். விடைத்தாளைத் திருத்துபவர் போல் அவர் அதை மேலிருந்து கீழாக இருமுறை படித்தார்.

"எல்லாத்தையும் ஓட்டிப் பாத்திருக்கீங்க. நிறுத்தி வச்சுப் பாத்தீங்களா?"

"நிக்கிற வண்டிக்கு ஏதும்மா மைலேஜ்?" என்றேன்.

"எனக்கு வண்டி தெரியாது. நம்ம வேலை பூரா நின்ன எடத்துலதானேன்னு கேட்டேன்."

பள்ளி ஆசிரியைக்கு இன்ஜினைப் பற்றி என்ன தெரியும் என்று என் மனம் கூறியது. அது கூறியதை நான் அடக்கியிருக்கலாம். மாறாக, அங்கேயே ஒரு தாளை எடுத்து, 'இவ்வண்டியின் தேர்வுக்கு நானே முழுப் பொறுப்பாவேன். இது நம் வேலைக்கு உதவாதெனில் நானும் உதவாதவன் எனக் கொண்டு பணியிலிருந்து விலகிக்கொள்வேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். டீச்சரம்மா எழுத்துப் பிழை ஒன்றைத் திருத்திவிட்டு, தாளை மேசை இழுப்பறையில் வைத்தார்.

"இன்னொரு வண்டி வாங்க நம்மால முடியாது. அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க" என்றார்.

வண்டி வந்தது. படகுக்கு மேல் பெயிண்டர் எங்கள் நிறுவனத்தின் பெயரை எழுதினார். முதல் வேலையாக ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணச் சத்திரம் அமைந்தது. அதுவரை எந்தச் சத்திரமும் எங்களை அழைத்ததில்லை. இந்த ஒன்று திருப்தியாக முடிந்தால், மற்றச் சத்திரங்களும் அழைக்கும். முடியாவிட்டால், இனி ஒரு சத்திரமும் அழைக்காது. ஸ்ரீரங்கத்தில் செய்தி நடந்து செல்வதில்லை.

எங்களை அமர்த்தியவர் பெண்ணின் தகப்பனார். ஆசாரம் மிகுந்தவர். அவர் எங்களிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று.

"உங்க பம்புல தோல் வாஷர் போட்டிருக்கேளா?"

"ரப்பர் வாஷர்தாங்க. தோல்ங்கிறதே கெடையாது" என்று மார்தட்டாத குறையாகச் சொன்னேன்.

"அப்போ சரி. மாப்பிள்ளை ஆத்துக்காரா நாலு மணிக்கு வந்துடுவா. மூணு மணிக்குள்ள தொட்டி நிறைஞ்சு இருக்கணும். தளிகை பண்றது அந்தத் தீர்த்தத்துலதான்."

குறித்த நாளில் காலை எட்டு மணிக்குச் சத்திரத்தின் வாசலில், மேற்குப் பக்கமாக, நிழல் பார்த்து வண்டியை நிறுத்தினோம். ஆனி மாதம். மேல்காற்று வீசத் தொடங்கியிருந்தது. எங்கள் ஆட்கள் இருவர் தொட்டிக்குள் இறங்கினார்கள். சவரிமுத்து இன்ஜினை முடுக்கினார். பம்பு சீராக ஓடியது. தொட்டியின் பழைய நீர் வடிந்தது. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு பொறியாளரின் நடையில் வண்டியைச் சுற்றி வந்தேன்.

ஒன்பது மணி அளவில் ஒரு பூனை வந்தது. ஸ்ரீரங்கத்தில் பூனைகள் உண்டு என்பதால் அதைப் பொருட்படுத்தவில்லை. சிறிது நேரத்தில் அது மூன்றாயிற்று. பத்து மணிக்கு ஒன்பது பூனைகள் வண்டியின் பின்கதவுக்கு எதிரே, கச்சேரி கேட்க வந்தவை போல், வரிசையாக அமர்ந்திருந்தன. அவை சண்டையிடவில்லை. கத்தவும் இல்லை. நம்பிக்கையோடு காத்திருந்தன.

அப்போது பெண்ணின் தகப்பனார் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன சார் இது? கூடம் பூரா ஏதோ ஒரு நாத்தம் வர்றதே! மணமேடை வரைக்கும் வர்றது!"

நான் ஆழ மூச்சிழுத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பல ஆண்டுகளாகப் பிளீச்சிங் பவுடரின் நடுவில் வாழ்ந்த மூக்கு அது. அதற்கு மல்லிகையும் மண்ணெண்ணெயும் ஒன்றே. எனினும் ஏதேனும் சொல்லியாக வேண்டும் அல்லவா?

"டீசல் சார். புது வண்டி. போகப் போகக் கொறஞ்சிரும்" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு உள்ளே சென்றார். பொய் இவ்வளவு எளிதில் செலவானதில் எனக்குச் சற்றுப் பெருமிதமும் உண்டாயிற்று. உடனே வண்டியின் மறுபுறம் சென்று சவரிமுத்துவைக் கேட்டேன்.

"சவரி, ஏதாவது வாசனை வருதா உனக்கு?"

"வருதே சார். கருவாடு."

"என்னது?"

"வண்டி வாங்குன அன்னைக்கே லேசா வந்துச்சு சார். இன்ஜின் சூட்டுல இப்ப நல்லா எடுத்துக் குடுக்குது. தகரத்துக்கு அடியில பலகை போட்டிருக்கான்ல, அதுல உப்பு ஊறிக் கெடக்கு."

"ஏன்யா அன்னைக்கே சொல்லல?"

"அதை ஒரு கொறையா எனக்குத் தோணல சார். வீட்டு ஞாபகமா இருந்துச்சு."

ஐயா, அம்மையீர், அப்போதுதான் எனக்கு அனைத்தும் விளங்கின. கதவில் இருந்த படகு விளங்கிற்று. சாம்பிராணி விளங்கிற்று. நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியின் வாசனை பின்னால் வருபவனுக்குத்தான் போகும். நிற்கும் வண்டியின் வாசனையோ நின்ற இடத்திலேயே தங்கும். இன்ஜின் மணிக்கணக்கில் ஓடினால் பலகை சூடாகும். துவாக்குடி வரை பாட்டிலை மடியில் ஏந்திச் சென்ற நான், கொட்டகை வாசலில் வண்டியை ஒரு மணி நேரம் நிறுத்தி ஓட்டிப் பார்த்திருந்தால் போதும். டீச்சரம்மா கேட்டது அதைத்தான்.

இதற்குள் உள்ளே வேறொரு விபரீதம் முளைத்திருந்தது. சமையல் குழுவின் தலைவர் கரண்டியோடு வெளியே வந்து, பெண்ணின் தகப்பனாரிடம் உரத்த குரலில் பேசுவது கேட்டது.

"டீசல் வாசனைன்னு சொல்றேளே ஸ்வாமி, அது எங்கேர்ந்து வர்றது? தொட்டிக்குள்ள அவா விட்ட குழாய்லேர்ந்துதானே? டீசல் கலந்த தண்ணில நான் சாதம் வடிக்க மாட்டேன். வடிச்சாலும் மாப்பிள்ளை ஆத்துக்காரா சாப்பிட மாட்டா."

பெண்ணின் தகப்பனார் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்தரை. நாலு மணிக்கு வருகிறவர்கள் நூற்றுக்கணக்கானோர். சத்திரத்துக் கிணற்று மோட்டார் கொட்டுவதும் அந்தத் தொட்டியில்தான். அது கூடாதென்றால், அத்தனை பேருக்கும் வேறு தண்ணீருக்கு அவர் எங்கே போவார்? வண்டியின் குற்றத்தை மறைக்க நான் சொன்ன பொய், தண்ணீரையே குற்றவாளியாக்கிவிட்டது. உண்மையைச் சொன்னாலோ, ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணத்தின் வாசலில் கருவாட்டு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் என்ற பெயர், நாங்கள் காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்கு முன்பே திருச்சியை எட்டிவிடும்.

அந்த நேரத்தில் என் தோளைத் தொட்டார் ஒரு பெரியவர். மாப்பிள்ளை வீட்டைச் சேர்ந்தவர். ஏற்பாடுகளைக் கவனிக்க முன்கூட்டியே வந்து இறங்கியவர். பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. இன்றுவரை அது எனக்கொரு குறை.

"டீசல்னு சொன்னீராமே?" என்றார் மெல்லிய குரலில்.

"ஆமாங்க."

"டீசலுக்குப் பூனை வருமாய்யா?"

நான் திரும்பிப் பார்த்தேன். இப்போது பதினொரு பூனைகள்.

"நாகப்பட்டினம் ஸ்டேஷன்ல பன்னண்டு வருஷம் கூட்ஸ் குமாஸ்தாவா இருந்தேன். கூடை கூடையா புக் பண்ணி அனுப்பிச்சவன் நான். இந்தத் தெருவுல இது என்னன்னு தெரிஞ்சவா இன்னும் நாலு பேராவது இருப்பா. தெரியும்னு சொன்னா எப்படித் தெரியும்னு கேப்பாளேன்னு வாயைத் திறக்க மாட்டா. அதனால நீர் தப்பிச்சுடலாம்னு நினைக்கிறீர்."

"என்ன செய்யட்டுங்க?"

"பொண்ணோட அப்பாகிட்டப் போய்ச் சொல்லும். அவருக்கு இப்போ பயமெல்லாம் தண்ணியைப் பத்தி. வண்டியைப் பத்தி இல்லை. தண்ணி நல்ல தண்ணின்னு சொல்ல ஒரே வழி, வண்டி கெட்ட வண்டின்னு ஒத்துக்கறதுதான். எது போனா அவர் பொழைப்பார், எது போனா நீர் பொழைப்பீர்னு ஒரு நிமிஷம் யோசியும். அப்புறம்..." என்று குரலை மேலும் தாழ்த்தினார். "நான் சொன்னேன்னு சொல்லிடாதேயும்."

ஒரு நிமிஷம் யோசித்தேன். இழுப்பறையில் இருந்த என் தாளையும் யோசித்தேன். பிறகு நேராகச் சென்று பெண்ணின் தகப்பனாரைத் தனியே அழைத்தேன்.

"சார், தண்ணியில டீசல் இல்லை. ஒரு சொட்டு இல்லை. நான் சொன்னது பொய். இந்த வண்டி முன்னாடி கருவாடு ஏத்துன வண்டி. எனக்கே இப்பதான் தெரிஞ்சுது. பம்பு நம்மளுது. குழாய் புதுசு. வண்டிக்கும் தண்ணிக்கும் ஒட்டு உறவே கெடையாது. நீங்களே வந்து தொட்டியைப் பாருங்க."

திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் குரலில் திட்டைவிட வருத்தமே மிகுந்திருந்தது.

"தோல் இருக்கான்னு கேட்டேன். இல்லைன்னேள். இதையும் கேக்கணும்னு எனக்கு எப்படி சார் தெரியும்?"

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டியின் வாயருகே மண்டியிட்டு, டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். குனிந்து முகர்ந்தார். சமையல் தலைவரையும் கையைப் பிடித்து இழுத்துக் குனிய வைத்தார்.

"பிளீச்சிங் பவுடர் வாசனைதான் வர்றது" என்றார் சமையல் தலைவர், சிறிது ஏமாற்றத்தோடு.

"அப்போ டீசல் இல்லையோன்னோ? நீர் போய் அடுப்பைப் பாரும்" என்றார் பெண்ணின் தகப்பனார். பிறகு என்னிடம், "வண்டி இன்னும் பத்து நிமிஷத்துல இந்த வாசல்ல இருக்கப்படாது. தொட்டி மூணு மணிக்கு நிறையாமலும் இருக்கப்படாது. ரெண்டையும் எப்படிப் பண்றேளோ பண்ணுங்கோ."

வண்டியை அப்புறப்படுத்தினால் பம்பு ஓடாது. பம்பு ஓடாமல் தொட்டி முடியாது. நான் காற்றைப் பார்த்தேன். மேற்கிலிருந்து வீசும் காற்றுக்குச் சத்திரத்தின் மேற்கே வண்டியை நிறுத்திய மேதை நான்தான். கிழக்கே நூறடி தள்ளி ஒரு வாழைத் தோப்பு இருந்தது. அதற்கப்பால் வீடுகள் இல்லை. மண்ணச்சநல்லூர் ஆலைகளுக்காக வைத்திருந்த உபரிக் குழாய்கள் வண்டிக்குள் சுருண்டு கிடந்தன. எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பூட்டினோம். வண்டி தோப்போரம் நகர்ந்தது. பதினொரு பூனைகளும் எழுந்து, சோம்பல் முறித்து, அதன் பின்னால் நடந்தன.

குழாய் நீண்டதால் அந்தச் சிறிய இன்ஜின் திணறியது. மைலேஜில் முதலிடம் பெறுவதற்கென்றே பிறந்த இன்ஜினுக்கு நூறடிக் குழாயை இழுக்கும் வலு ஏது? ரேடியேட்டர் கொதித்தது. சவரிமுத்து தோப்புக் கிணற்றிலிருந்து வாளி வாளியாக நீர் கொண்டுவந்து ஊற்றி, சற்று ஆறவிட்டு, மறுபடி முடுக்கினார். ஒவ்வொரு முறை இன்ஜின் சூடேறியபோதும் பூனைகள் ஓரடி முன்னேறின. சூடு தணிந்தபோது ஓரடி பின்வாங்கின. வெப்பமானி பழுதாயிருந்த அந்த வண்டியில் அன்று நாங்கள் இன்ஜினின் நிலையை அறிந்தது அவற்றைக் கொண்டுதான்.

"சவரி, முன்னால வருதுங்க!" என்று தொட்டிப் பக்கமிருந்து நான் கத்துவேன்.

"பாத்துட்டேன் சார், நிறுத்திட்டேன்!" என்று தோப்பிலிருந்து அவர் கத்துவார்.

இரண்டே முக்காலுக்குத் தொட்டி சுத்தமாகி, சத்திரத்துக் கிணற்று மோட்டார் அதை நிரப்பத் தொடங்கியது. மூன்றுக்கு நிறையவில்லை. மூன்று இருபதுக்கு நிறைந்தது. பெண்ணின் தகப்பனார் ஒரு கை நீரை அள்ளிக் குடித்தார். சமையற்கட்டைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்புக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

நாங்கள் புறப்பட்டபோது நாதஸ்வர ஓசையோடு மாப்பிள்ளையின் கார் தெருமுனையில் திரும்பியது. வழிவிட ஒதுங்கினோம். காரில் இருந்தவர்கள், நீல நிற வண்டி ஒன்றையும் அதன் பின்னால் ஒழுங்காக வரும் பூனைக் கூட்டத்தையும் கண்டார்கள். காருக்கு முன்னால் நடந்து வந்த கூட்ஸ் குமாஸ்தா எங்களை அறியாதவர் போல் வானத்தைப் பார்த்தார்.

மறுநாள் காலை டீச்சரம்மாவிடம் நடந்ததனைத்தையும் கூறி, என் தாளை எடுத்து நிறைவேற்றும்படி கேட்டுக்கொண்டேன். அவர் சிரிக்காமல் கேட்டது ஒரு பெரிய சாதனை. பதினொரு பூனைகள் என்ற இடத்தில் மட்டும் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அவர்கிட்ட நீங்களாப் போயா சொன்னீங்க?"

"ஆமாம்மா."

"தொட்டி முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா. இருபது நிமிஷம் தாமதம்."

"அப்ப வண்டி வேலைக்கு உதவியிருக்கு. உங்க லெட்டர் செல்லாது" என்றார். தாளைத் திருப்பி, அதன் பின்புறத்தில் மூன்று வரிகள் எழுதி என்னிடம் நீட்டினார். 'வாங்கும் முன் வண்டியை ஒரு மணி நேரம் நிறுத்தி, பம்போடு ஓட்டிப் பார்க்கவும். மூக்கு கெடாத வெளியாள் ஒருவர் உடன் இருக்கவும். விற்பவர் இதில் முன்பு என்ன ஏற்றினார் என்று கேட்கவும்.'

மூன்றாவது வரி வீண் அல்ல. பின்னொரு நாள் அந்த நாகப்பட்டினத்து வியாபாரியைக் கண்டு, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் மிகவும் புண்பட்டுப் போனார்.

"மைலேஜ் கேட்டீங்க, சொன்னேன். அதுல ஒரு பொய் உண்டா? என்ன ஏத்துனேன்னு நீங்க கேக்கவே இல்லையே சார்!"

பலகைகளைப் பெயர்த்து எறிந்து புதியவை போட்டோம். மூன்று கோடைகள் கடந்த பின்னரே பூனைகள் எங்களை மறந்தன. கல்யாணம் நடந்த மாதத்தின் டீசல் கணக்கைப் பார்த்த சுற்றறிக்கை அலுவலகம், ஸ்ரீரங்கம் போய் வரும் தூரத்திற்கு இவ்வளவு டீசலா என்று விளக்கம் கேட்டது. 'வண்டி நின்று வேலை செய்தது' என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். அடுத்த சுற்றறிக்கையில், ஓடிய கிலோமீட்டரோடு நின்று ஓடிய மணிகளையும் குறிக்க வேண்டும் என்று வந்தது. அதற்கடுத்தது அதை ரத்து செய்தது. ஸ்ரீரங்கத்திலிருந்தோ, அடுத்த தை மாதத்தில் இன்னொரு சத்திரக்காரர் வந்தார். பெண்ணின் தகப்பனார் அனுப்பினாராம். வந்தவர் எங்களைக் கேட்ட முதல் கேள்வி, வண்டியில் முன்பு என்ன ஏற்றினீர்கள் என்பது.

நான் பணியிலிருந்த காலத்தில் வந்த சுற்றறிக்கைகள் அனைத்தும், பின்னர் வந்தவற்றால் செல்லாதவை ஆயின. டீச்சரம்மாவின் மூன்று வரிகளை ரத்து செய்து இதுவரை எதுவும் வரவில்லை. தாங்கள் எந்த வண்டியை வாங்கினாலும் அது தங்கள் விருப்பம். அந்தத் தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். இதையும் அதையும் எறிந்துவிடாமல், புது வண்டியின் ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.